நீலத் தண்ணீருக்காகச் செய்த பஞ்சு

சமையலறை மேடையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு, கடையில் வாங்கிய ஒரு நாப்கினைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினேன். முப்பது வருடங்களுக்கு மேல் பயன்படுத்திய பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மேலே, தோலில் படும் இடத்தில், ஊசியால் குத்தியது போல் நெருக்கமாகத் துளையிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதற்குக் கீழே, நகத்தால் கீறினால் தனியாக உரிந்து வரும் ஒரு பஞ்சடுக்கு. அதற்கும் கீழே இரண்டு மெல்லிய காகிதங்களுக்கு நடுவில் வெள்ளை மரக்கூழும், சர்க்கரைத் தூள் போலச் சிந்தும் ஒரு பொடியும். கடைசியாகத் தண்ணீர் புகாத அடித்தாள், அதன் முதுகில் பசை, பசையை மூடிய வழவழப்பான காகிதம். எல்லாம் சேர்ந்தும் இரண்டு அட்டைகளை ஒட்டிவைத்த அளவுதான் தடிமன்.

அந்தப் பொடியில் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து இரண்டு கிண்ணங்களில் போட்டேன். ஒன்றில் குடிதண்ணீர் ஊற்றினேன், மற்றதில் உப்பு கரைத்த தண்ணீர். குடிதண்ணீர்க் கிண்ணத்தில் பொடி சில நிமிடங்களில் ஜவ்வரிசிக் கஞ்சியைப் போல ஊதிப் பெருத்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தால்கூட விழவில்லை. உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம் கொழகொழப்பு, மேலே தண்ணீர் அப்படியே நின்றது. மாதவிலக்கில் வெளியேறுவது உப்புள்ள திரவம். ரத்தம் அதில் ஒரு பகுதிதான். சளியும் கருப்பையின் உட்சுவர்த் துணுக்குகளும் கலந்து அது தண்ணீரை விடக் கெட்டியாக இருக்கும். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஊற்றிக் காட்டும் நீலத் திரவத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

நாப்கினின் நூறாண்டு வரலாற்றை அதைச் சோதித்த முறைகளின் வரலாறாகவும் படிக்கலாம் என்பது என் எண்ணம். எதை ஊற்றிச் சோதித்தார்களோ அதை உறிஞ்ச அந்தப் பஞ்சு நன்றாகவே கற்றுக்கொண்டது. யாரும் அளக்காத வியர்வையும், தொடை உராய்வும், மாற்ற இடமில்லாமல் கழியும் எட்டு மணி நேரமும் பெண்ணின் தோலுக்கே விடப்பட்டன.

தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் பயன்படுத்திய பெண்களேதான். முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போட, அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து செல்லுகாட்டன் என்ற பஞ்சைத் தயாரித்தது. பருத்தியை விட மலிவானது, விரைவாக உறிஞ்சக்கூடியது. போர்முனை மருத்துவமனைகளில் இருந்த செவிலியர்கள் அதைத் தங்கள் மாதவிலக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். போர் முடிந்து, கட்டுப்பஞ்சை இனி யாருக்கு விற்பது என்று நிறுவனம் யோசித்தபோது விடை அங்கே தயாராக இருந்தது. 1920இல் கோட்டெக்ஸ் கடைக்கு வந்தது. அதற்கு முன்பும் விற்பனைக்கு நாப்கின்கள் இருந்தன. ஆனால் மரக்கூழை நடுவில் வைத்துச் செய்யும் இன்றைய நாப்கினுக்கு அந்தச் செவிலியர்கள்தாம் மூலம்.

பஞ்சு கிடைத்த பிறகும் அது நழுவாமல் நிற்க வழியில்லை. இடுப்பில் எலாஸ்டிக் பெல்ட் கட்டி, அதன் கொக்கியில் இரண்டு முனைகளையும் மாட்ட வேண்டும். இந்த பெல்ட்டைச் சரிசெய்ய நினைத்தவர்களில் ஒருவர் மேரி பியாட்ரிஸ் டேவிட்சன் கென்னர் என்ற கறுப்பினப் பெண். 1956இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. வாங்க ஆர்வம் காட்டிய ஒரு நிறுவனம், அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டது. 1970ஐ ஒட்டி முதுகில் பசை தடவிய நாப்கின்கள் வந்ததும் பெல்ட்டின் காலம் முடிந்தது. நம் ஊரில் அது இன்னும் நீண்டது. என் அக்காவின் பள்ளி நாட்களில் பெல்ட் நாப்கின்தான். ஓடினால் முன்னுக்கு வந்துவிடும் என்று விளையாட்டு வகுப்பன்று வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாளாம். ஒரு பட்டைப் பசை அந்தப் பொய்க்குத் தேவையில்லாமல் செய்தது. இத்தனை கண்டுபிடிப்புகளிலும் பெண்ணின் நடமாட்டத்தை நேரடியாக மாற்றியது அதுதான் என்பேன்.

1980களில் மேல்தாள் மாறியது. துளைகளைப் புனல் வடிவில் செய்தார்கள். மேலிருந்து இறங்கும் திரவம் எளிதில் திரும்பி ஏறாது. பக்கவாட்டில் இறக்கைகள் வந்தன. ‘உலர்வாக இருக்கிறது’ என்பதே அதுமுதல் சுகத்தின் அளவுகோலாயிற்று. ஆய்வுக்கூடத்தில் இதை அளப்பது சுலபம். திரவத்தை ஊற்றி, மேலே வடிதாளை வைத்து, எடையை ஏற்றி, தாளில் எவ்வளவு ஈரம் ஏறுகிறது என்று நிறுத்துப் பார்த்தால் போதும். அந்தத் தேர்வில் பிளாஸ்டிக் வலை நல்ல மதிப்பெண் வாங்கும். ஆனால் கத்திரி வெயிலில் அதே வலை வியர்வையோடு தோலில் ஒட்டிக்கொள்ளும். எழுந்து நடந்தால் அறுக்கும். இதற்கு மாற்றாக வந்த ‘பஞ்சு போன்ற’ மேல்தாளைப் பருத்தி என்றே நம்மில் பலர் நம்பி வாங்குகிறோம். பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் சூட்டில் ஒட்டிய தாள். தோலுக்கு மென்மையானது என்பது உண்மை. பருத்தி என்று எண்ண வைப்பதில்தான் எனக்கு வருத்தம்.

என் கிண்ணத்தில் ஊதிய பொடிக்கு வருகிறேன். சூப்பர் அப்சார்பென்ட் பாலிமர் என்று பெயர். நம் கடைமொழியில் ஜெல். 1960களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகத்தில், மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளைத் தேடியவர்கள் மாவுச்சத்தோடு வேதிச் சங்கிலிகளைக் கோத்து இதன் முன்னோடியை உண்டாக்கினார்கள். வயலுக்காகப் பிறந்தது 1970களின் இறுதியில் ஜப்பானில் நாப்கினுக்குள் புகுந்தது. பிறகு குழந்தைகளின் டயாப்பருக்குள்ளும் முதியவர்களின் டயாப்பருக்குள்ளும் போனது. இன்று பெரும்பாலும் சோடியம் பாலிஅக்ரிலேட்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். நீண்ட சங்கிலிகள் இடையிடையே முடிச்சிட்டு வலைபோல் நிற்கின்றன. வலைக்குள் சோடியம் அடைந்திருப்பதால், செறிவைச் சமன்செய்யத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. தூய நீரில் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு ஏற்கும். வெளித் திரவத்திலேயே உப்பு இருந்தால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும், முப்பது நாற்பது மடங்கோடு நின்றுவிடும். ரத்தம் என்றால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சிவப்பணுக்கள் அந்த வலைக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. மேலே வந்து தங்கி வழியை அடைத்துவிடும். சிறுநீருக்குக் கச்சிதமாகப் பொருந்திய பொருள் மாதவிலக்குக்கு அரைகுறையாகத்தான் பொருந்தியது. ஆனாலும் நாப்கின் மெலிந்தது. வெள்ளைச் சுடிதார் சீருடையில் வெளியே தெரியாது என்பது ஒரு பள்ளிச் சிறுமிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, “பின்னாடி ஏதாச்சும் தெரியுதா பாரேன்” என்று தோழியிடம் ஒருமுறையாவது கேட்டவர்கள் அறிவார்கள். அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

உறிஞ்சும் திறனே முழு நன்மை என்று நம்பியதன் விலை 1980இல் தெரிந்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ரிலை என்ற டாம்பன் அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. பாலியஸ்டர் பைக்குள் நுரைத் துண்டுகளும் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸும் அடைத்தது. உள்ளே போனதும் விரிந்து கிண்ணம்போல் நிற்கும், நெடுநேரம் தாங்கும். பொறியாளர் கண்ணுக்கு அது வெற்றி. அதே காலத்தில் இளம் பெண்கள் திடீர்க் காய்ச்சல், தோல் தடிப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலர் இறந்தார்கள். டாக்ஸிக் ஷாக் சின்ட்ரோம் என்று 1978இல் மருத்துவர் ஜேம்ஸ் டாட் பெயரிட்ட நோய் அது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சுதான் காரணம். மிகையாக உறிஞ்சும் டாம்பன்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டதும், 1980 செப்டம்பரில் ரிலை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நெடுநேரம் மாற்றத் தேவையில்லை என்ற வசதியே ஆபத்தைப் பெருக்கியது.

இதன் பிறகுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் டாம்பன்களுக்கு ஒரே அளவுகோலைக் கட்டாயமாக்கியது. 6 முதல் 9 கிராம் உறிஞ்சினால் ரெகுலர், 9 முதல் 12 வரை சூப்பர் என்று 1990 முதல் அட்டையில் அச்சிட வேண்டும். தேவைக்கு மீறிய திறனை வாங்காதீர்கள் என்ற அறிவுரையும் சேர்ந்தது. ‘குறைவாக உறிஞ்சுவதே பாதுகாப்பு’ என்று ஓர் அரசு சொன்ன அபூர்வமான தருணம் அது. ஆனால் சோதனைக் குழாயில் ஓடியது உப்புநீர்தான். டாம்பன் அட்டையில் கிராம் கணக்காவது வந்தது, நாப்கின் அட்டையில் அதுவும் இல்லை.

இந்தியாவின் தரநிலை ஐஎஸ் 5405 சற்று வேறு மாதிரி. 1980ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நாப்கினின் நடுவில் நிமிடத்துக்கு 15 மி.லி. வேகத்தில் 30 மி.லி. ஊற்ற வேண்டும். நிறம் கலந்த நீரையோ, உறையாமல் பதப்படுத்திய ஆட்டு ரத்தத்தையோ ஊற்றலாம். அடியிலோ பக்கத்திலோ கசியக் கூடாது. ரத்தத்தையும் ஒரு தெரிவாகச் சொன்னதே பாராட்டுக்குரியது. ஆனால் கணக்கைப் பாருங்கள். சராசரிப் பெண்ணுக்கு ஒரு சுழற்சியின் எல்லா நாட்களிலும் சேர்ந்து போகும் ரத்தமே 30 முதல் 40 மி.லி. அந்த அளவைச் சோதனை இரண்டு நிமிடத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. உடம்பு அப்படிக் கொட்டுவதில்லை. மணிக்கணக்கில் துளித்துளியாக இறங்கும். உட்கார்ந்து எழுந்தால், இருமினால், படியேறினால் ஒரே பாய்ச்சலாக வரும். பக்கவாட்டுக் கசிவுக்கு அந்தப் பாய்ச்சல்தான் காரணம். 2019இல் இந்தத் தரநிலை திருத்தப்பட்டு, தோல் எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்குமான சோதனைகள் இடம்பெற்றது நல்ல மாற்றம்.

அசைவில் சோதிக்க வேண்டும் என்று முதலில் புரிந்துகொண்டவர் என்று நான் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தைத்தான் சொல்வேன். அவர் கதை திரைப்படங்களாலும் மேடைப் பேச்சுகளாலும் தேய்ந்துவிட்டது. தியாகியாகவே அவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். சோதனை முறையை யோசித்த ஆளாகப் பாருங்கள். 1998வாக்கில் மனைவி கந்தல் துணியை மறைத்து எடுத்துப்போனதைக் கண்டு பருத்தியில் நாப்கின் செய்தார். அது சரிவரவில்லை. பயன்படுத்திப் பார்த்துச் சொல்லப் பெண்கள் கூசினார்கள். கால்பந்தின் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, குழாய் வைத்து, தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் மிதித்தார். சரியான திரவம், உடல் வெப்பம், அசைவு, துணி உராய்வு, பல மணி நேரம் என ஆய்வுக்கூடத் தட்டில் இல்லாத எல்லாமே அந்தச் சோதனையில் இருந்தன. ஊர் அவரைப் பைத்தியம் என்றது. பெரிய நிறுவனங்களின் நாப்கினில் இருப்பது பருத்தி இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. வெட்டிப் பார்த்தாலும் பஞ்சாகத்தானே தெரியும். அட்டையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய தேடல்.

கூழை உதிர்த்து, அழுத்தி, உறையிட்டு, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்கும் அவருடைய எளிய இயந்திரங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் போயின. 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த நாப்கின்களில் பெரும்பாலும் ஜெல் இல்லை, ஆகவே தடிமனாக இருந்தன. மெலிதானவற்றுக்குப் பழகிய நகரத்துப் பெண்கள் முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். நான் பயன்படுத்தியபோது தோல் குறைவாக எரிந்தது. ஆனால் இரவில் கசிந்தது. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒரெகான் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ரத்த வங்கியில் காலாவதியான சிவப்பணுக்களைக் கொண்டு, கடையில் கிடைக்கும் 21 மாதவிலக்குப் பொருட்களின் கொள்ளளவை அளந்தார்கள். விற்பனையில் உள்ள பொருட்களை மனித ரத்தத்தால் அளந்து ஒப்பிட்ட முதல் ஆய்வு அதுதான். நாப்கின், டாம்பன், கப் மூன்றும் ஏறத்தாழ 20 முதல் 50 மி.லி. வரையிலும், உள்ளே பொருத்தும் டிஸ்க் சராசரியாக 61 மி.லி.யும் தாங்கின. புதுமை என்று விலை வைத்து விற்கும் பீரியட் உள்ளாடை 2 மி.லி. மட்டுமே. பெரும்பாலான பொருட்களின் அட்டை சொன்ன அளவு உண்மையில் இல்லை.

இது வாங்குபவரின் கோபத்தோடு முடிகிற விஷயம் இல்லை. மருத்துவரிடம் போனால் முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாத்துறீங்க?” என்பது. அந்த எண்ணிக்கையிலிருந்துதான் ரத்தப்போக்கு அதிகமா என்று அவர் முடிவு செய்கிறார். ஒரு சுழற்சியில் 80 மி.லி.க்கு மேல் போனால் மிகை என்பது மருத்துவ வழக்கு. ஒரு நாப்கின் எவ்வளவு பிடிக்கும் என்றே தெரியாதபோது ‘நாலு’ என்ற பதிலுக்கு என்ன பொருள்? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அத்தனைக்கும் மாதவிலக்கு காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் சேர வேண்டிய ஓர் எண் நாப்கின் அட்டையிலேயே விடுபட்டிருக்கிறது.

கேள்வி மாறியதும் வடிவமைப்பும் மாறத் தொடங்கியிருக்கிறது. 2024இல் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும் கிளிசராலும் சேர்ந்த பொடி ரத்தத்தைக் கெட்டியாக்கிப் பிடித்துவைப்பதைக் காட்டினார்கள். டயாப்பரிலிருந்து கடன் வாங்கிய பொடியாக இல்லாமல், ரத்தத்தை எண்ணியே செய்த பொடி. ஸ்டான்ஃபோர்டில் கற்றாழை இனத்துச் சைசல் இலைநாரைப் பருத்தியை விட நன்றாக உறிஞ்சும் பஞ்சாக்கியிருக்கிறார்கள், கென்யாவின் ஒரு சிறு உற்பத்தியாளரோடு சேர்ந்து. அகமதாபாத்தில் சாத்தி நிறுவனம் வாழைநாரில் செய்கிறது. எங்கோ வளர்க்கும் பைன் மரக்கூழை இறக்குமதி செய்யாமல், தார் வெட்டியபின் வீணாகும் வாழைத்தண்டில் செய்ய முடியும் என்பது காவிரிக்கரை ஊர்களுக்கு எவ்வளவு பொருத்தமான செய்தி!

தோலின் கதை இன்னும் பின்தங்கியே நிற்கிறது. அடித்தாள் முழு பிளாஸ்டிக்காக இருந்தால் ஆவி வெளியேறாது, உள்ளே புழுங்கும். இதற்கு ஒரு நல்ல தீர்வு இருக்கிறது. பாலிஎத்திலீனோடு சுண்ணாம்புத் துகள்களைக் கலந்து இழுத்தால், துகள்களைச் சுற்றி நுண்துளைகள் உண்டாகும். நீராவி போகும், திரவம் போகாது. டயாப்பர்களிலும் விலை கூடிய நாப்கின்களிலும் இந்தத் தாள் வருகிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊருக்கு இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது வாசனைதான். வாசனைத் திரவியம் உள்ள நாப்கின் யாருக்காகச் செய்யப்படுகிறது? அணிபவரின் தோலுக்கு அது வேண்டாத விருந்தாளி, ஒவ்வாமை தரும் பொருட்களில் ஒன்று. பக்கத்தில் நிற்பவர் மூக்கைச் சுளித்துவிடுவாரோ என்ற அச்சத்துக்குத்தான் அந்த மல்லிகை மணம். மூன்றாம் நாள் இரவு தொடையிடுக்கு வெந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காலை அகட்டிப் படுத்திருக்கும் பெண்களுக்கு அந்த மணத்தால் ஒரு பயனும் இல்லை.

நேரமும் இதில் சேர வேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கே மாற்றுவது? நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நான்கு மாடிக்கும் சேர்த்துப் பெண்களுக்கு ஒரே கழிவறை, அதில் குப்பைக்கூடை கிடையாது. பயன்படுத்தியதைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்களின் நிலை இன்னும் மோசம். உட்காருவதற்கே 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு ‘எக்ஸ்எல்’ வேண்டியிருக்கிறது. அந்த நீளத்தை அவள் உடம்பு கேட்கவில்லை, வேலை கேட்கிறது. 12 மணி நேரப் பாதுகாப்பு என்று விளம்பரம் பெருமைப்படும்போது எனக்கு ரிலை நினைவுக்கு வரும். நாப்கின் டாம்பனைப் போல உள்ளே இருப்பதில்லை, அந்த ஆபத்து இதற்கு மிகக் குறைவு. ஆனாலும் மாற்றும் இடத்தைக் கட்டாமல் தாங்கும் நேரத்தை நீட்டிக்கொண்டே போவது அதே வழிதான்.

துணியைப் பற்றி இரண்டு தரப்பிலும் பக்திமான்கள் இருக்கிறார்கள். என் அம்மா பழைய வேட்டியைக் கிழித்துப் பயன்படுத்தினார். துவைத்து, யாரும் பார்க்காதபடி மாட்டுக்கொட்டகைச் சுவரில், புடவைக்கு அடியில் மறைத்துக் காயவைப்பார். மழைக்காலத்தில் அது முழுதாகக் காயவே காயாது. ஒடிசாவில் 2015இலும் 2018இலும் வெளிவந்த ஆய்வுகள், மறுபடி பயன்படுத்தும் துணிக்கும் பிறப்புறுப்புத் தொற்றுக்கும் தொடர்பு கண்டன. பின்னதில் வீட்டுக்குள் காயவைப்பதும் ஒரு கூறாக வந்தது. குற்றம் பருத்தியினுடையது இல்லை, வெயில் மறுக்கப்பட்டதுதான். ஆரோவில்லில் இயங்கும் ஈகோஃபெம் செய்யும் துணி நாப்கினைக் கையில் வாங்கிப் பார்த்தபோது இது புரிந்தது. பருத்தி அடுக்குகள், அடியில் கசியாத ஒரு மெல்லிய பூச்சுத்துணி, உள்ளாடையோடு பொருத்த பொத்தான். வெளிப்புறம் பூப்போட்ட துணி. கொடியில் காயும்போது கைக்குட்டையோ என்றுதான் தோன்றும். அந்தப் பூ வேலைப்பாடு அலங்காரம் இல்லை, அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அதைத் துவைக்கத் தண்ணீர் வேண்டும், குளியலறை வேண்டும், கொடி வேண்டும் என்பதை மறந்து எல்லோருக்கும் பரிந்துரைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாடு அரசின் புதுயுகம் திட்டம் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தருவதில் உள்ள நியாயம் அதுதான்.

உறிஞ்சவே உறிஞ்சாத சிலிக்கோன் கப் இந்தப் பேச்சை முழுதாக மாற்றக்கூடியது. 1937இலேயே லியோனா சாமர்ஸ் காப்புரிமை வாங்கிய எண்ணம். 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ் 43 ஆய்வுகளைத் தொகுத்து, கப் பாதுகாப்பான தெரிவு என்று சொன்னது. அதே ஆண்டில் ஆலப்புழை நகராட்சி 5,000 கப்புகளை இலவசமாகக் கொடுத்தது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கேரளத்தால் முடிந்தது இங்கே பேச்சளவில் நிற்பதற்கு, கன்னித்தன்மை பற்றிய பயமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வேதிப்பொருட்களைப் பற்றிய செய்திகளை அச்சமும் அலட்சியமும் இல்லாமல் படிக்க வேண்டும். 2022இல் டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு சோதித்த பத்து நாப்கின்களிலும் தாலேட்டுகளும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. ‘ஆர்கானிக்’ என்று விற்றவையும் தப்பவில்லை. 2024இல் பெர்க்லி ஆய்வாளர்கள் 30 டாம்பன்களில் ஈயம் உட்பட உலோகங்களைக் கண்டார்கள். அவை உடலுக்குள் இறங்குகின்றனவா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. இருக்கிறது என்பதும் கெடுக்கிறது என்பதும் வேறுவேறு. ஆனால் முப்பது நாற்பது வருடம், மாதம் ஐந்து நாள், உடலின் மெல்லிய தோலோடு ஒட்டியிருக்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று சொல்லாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. நியூயார்க் மாநிலம் 2019இல் சட்டமியற்றி, உட்பொருட்களை அட்டையில் அச்சிட வைத்துவிட்டது.

பாதுகாப்பு என்று பேசும்போது இன்னொரு கையை மறந்துவிடுகிறோம். காகிதத்தில் சுற்றி நாம் போட்ட நாப்கினைப் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளரின் கை அது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், ஒவ்வொரு நாப்கினோடும் அப்புறப்படுத்தும் உறை தருவதைத் தயாரிப்பாளரின் பொறுப்பில் வைத்தன. உறைகளில் பலவும் இன்னொரு பிளாஸ்டிக். புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் ஸ்வச் அமைப்பு, காகிதத்தில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று கேட்டது. கையில் எடுக்கும்முன் தெரிந்துகொள்ள ஒரு புள்ளி! இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை இந்தத் துறையில் நான் பார்க்கவில்லை. எதிர்த்திசையில் ஒன்று, ஜன் ஔஷதிக் கடைகளில் 2019 முதல் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் சுவிதா நாப்கின். விலை வணங்கத்தக்கது. ஆனால் அதை விவரிக்கும் ‘ஆக்ஸோ மக்கும்’ என்ற சொல் ஏமாற்றுகிறது. அந்த வகை பிளாஸ்டிக் மண்ணாவதை விட நுண்துணுக்குகளாக நொறுங்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அதைத் தடைசெய்தது.

மத்திய ஜவுளி அமைச்சகம் 2023இல் நாப்கினையும் டயாப்பரையும் கட்டாயத் தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது, அமலாகும் தேதி தள்ளிப்போனாலும். அதோடு அட்டையில் நாலு வரி கேட்பேன். மேல்தாள் என்ன பொருள், ரத்தத்தில் அளந்தால் எத்தனை மி.லி. பிடிக்கும், அடித்தாளில் காற்று போகுமா, வாசனை, பசை உட்பட என்னென்ன சேர்ந்திருக்கிறது. தமிழில், படிக்கிற அளவு எழுத்தில்.

வெட்டிப் பார்த்த அந்த பாக்கெட்டை வாங்கிய மருந்துக்கடையிலேயே பின்பக்கத்தைப் படிக்க முயன்றேன். நீளம் 320 மில்லிமீட்டர், இறக்கைகள் உண்டு, விலை, தயாரித்த மாதம். அடுத்த வரிக்குக் கண் போவதற்குள் கடைக்காரத் தம்பி, “குடுங்கக்கா” என்று கையிலிருந்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, முடிச்சும் போட்டுவிட்டான்.